அட்டை எடுத்த கை

நம் சபை மாதர் சங்கத்தில் இந்த வருஷமும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள். இந்த வருஷமும் தொண்டை கட்டியிருக்கிறது என்று தப்பித்துக்கொண்டேன். வருஷா வருஷம் ஒருத்திக்கு அதே மாதத்தில் தொண்டை கட்டுமா என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதற்கு நன்றி. அன்றாட வாழ்க்கையில் ஆண்டவர் நம்மை நடத்தும் விதம் என்பதுதான் தலைப்பாம். பேரனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதைக்கூட ஆண்டவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ததாக உங்களில் ஒருத்தி சொன்னாள். எல்லாரும் ஆமென் என்றீர்கள். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எழுந்து நின்று சொல்ல என்னால் ஆகாது. உட்கார்ந்து எழுதுகிறேன். நாமெல்லாம் எழுபதைத் தாண்டியவர்கள். இனிமேல் ஒருவருக்கொருவர் நல்ல பிள்ளைகளாக நடித்து என்ன ஆகப்போகிறது?

அப்போது நாங்கள் திருத்தங்கலில் இருந்தோம். ஐம்பதுகளின் கடைசி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. பஸ் ஏறி விருதுநகர் போய், மிளகாய் மண்டித் தெருவைத் தாண்டினாலே இரண்டு நாள் படுத்துவிடுவாள். அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் எனக்குத் தலை சீவியது, அம்மாவுக்குக் கஷாயம் வைத்தது, அப்பாவின் வேட்டியை வெளுத்தது எல்லாம் அக்காதான்.

தெருக்கோடியில் ஒரு அச்சாபீஸ் இருந்தது. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் வெடிக்கட்டின் மேல் ஒட்டும் படமும் அடிப்பார்கள். மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அடிக்கும். சாயங்காலம் பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வருகிற பெண்களின் முகத்திலும் முழங்கையிலும் வெள்ளிப் பொடி மினுங்கும். அவர்கள் தினமும் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய்வருகிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்த அச்சாபீஸ் போர்மேன் அப்பாவிடம் படித்தவர். ஒரு தடவை வாக்குத்தத்த அட்டைக்கு ஆர்டர் வந்தபோது, கலர் விலகிக் கழித்துப் போட்ட அட்டைகளை ஒரு கட்டாகக் கட்டி அப்பாவுக்குக் கொடுத்தார். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் படம், மறுபக்கம் ஒரு வேதவசனம். ரோஜாவின் சிவப்பு இதழை விட்டு ஒரு நூல் தள்ளி நிற்கும். மேய்ப்பனுக்கு இரண்டு மூக்கு. வசனத்தில் பிழை இல்லை, அது போதும் என்றார் அப்பா. அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு எஜமான் அந்த டின்தான்.

நீங்களும் புது வருஷத்தன்று, அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு அட்டை எடுத்தவர்கள்தான். உங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை, அதோடு சரி. எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று தடவை. எந்தக் காரியமானாலும் கர்த்தருடைய சித்தம் என்ன என்று பார்ப்போம் என்பார் அப்பா. சாயங்கால ஜெபம் முடிந்ததும் டின் வரும். வீட்டின் கடைசிப் பிள்ளை, அதாவது நான், கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு அட்டையை எடுக்க வேண்டும். என் கைக்குப் பாவமறியாத கை என்று அப்பா பெயர் வைத்திருந்தார். நான் வாசிப்பேன். அப்பா அர்த்தம் சொல்வார். அம்மா பெருமூச்சு விடுவாள்.

கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்கலாமா என்று கேட்டதற்கு ஜீவ தண்ணீரைப் பற்றி வசனம் வந்தது. உடனே வாங்கினார். மதுரையில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, துன்மார்க்கர் கூட்டத்தை விட்டு விலகு என்கிற மாதிரி ஒன்று வந்து தொலைத்தது. நான் புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா அசையவில்லை. நாங்கள் ஏறியிருக்க வேண்டிய பஸ் ஒரு கீறல் இல்லாமல் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. எதிலிருந்து தப்புவிக்கப்பட்டோம் என்று நமக்கு எப்படித் தெரியும் என்றார் அப்பா. பாயசத்திலிருந்து தப்பினோம் என்றாள் அம்மா.

நீங்கள் சிரிப்பீர்கள். அப்போது எனக்கு அது சிரிப்பில்லை. டின்னுக்குள் கையை விட்டதும் விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு வரும். யாரோ என் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு அட்டையின் மேல் வைப்பதாகவே இருக்கும். தெருவில் இருந்த மற்ற கிறிஸ்தவ வீடுகளிலும் முக்கியமான காரியம் என்றால் டின்னோடு என்னைக் கூட்டிப்போவார்கள். ஒரு வீட்டில் எருமை வாங்குவதற்கு, இன்னொரு வீட்டில் பெண் பார்ப்பதற்கு. கை நிறைய முறுக்கு கிடைக்கும். எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிற்று. கணக்கில் முட்டை வாங்கினாலும் கர்த்தர் இந்த வகுப்பில் என் கையைத்தான் பிடித்திருக்கிறார் என்று திமிராக உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் யாரையும் அடித்ததில்லை. யாரிடமும் முடியாது என்று சொன்னதும் இல்லை. தேறாத பையனின் தகப்பன் வந்து கெஞ்சினால், ஜெபிப்போம் என்று அனுப்பிவிட்டு, தலைமையாசிரியர் வாயால் இல்லை என்று சொல்ல வைப்பார். ஊரில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பேர்.

அந்தக் கோடையில்தான் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கை வெந்தது. பட்டாசு ஆலையில் திரி வைக்கிற வேலை அவளுக்கு. ஒரு மத்தியானம் மருந்து பற்றிக்கொண்டு, வலது கை முழங்கை வரை வெந்துபோய், இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். தீப்புண் என்றால் அந்தக் காலத்தில் பேனா மையை ஊற்றுவார்கள். யாரோ மைப்புட்டியோடு ஓடிவந்தார். அக்கா அதைத் தட்டிவிட்டாள். பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். கை வீங்குவதற்குள் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தாள். அப்பாவின் வெளுத்த வேட்டியைக் கிழித்துத் தளர்வாகச் சுற்றினாள். அந்தப் பெண் கத்திக்கொண்டே இருந்தாள், அக்காவின் கை நடுங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் என்று பிறகு சொன்னாள். அதே பள்ளிக்கூடத்தில்தான் நானும் படித்தேன். நான் வாசற்படியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸம்மா இதை யார் கட்டியது என்று விசாரித்தாராம். அடுத்த வாரமே வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாடு பிடிக்க வந்தவர் மாதிரி அக்காவின் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கைய அடுப்படியில போட்டு வச்சிராதீக, வாத்தியாரையா" என்றார்.

தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கேயே தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கலாம். விண்ணப்பத்தாளையும் அவரே கொண்டுவந்திருந்தார். அப்பா முகம் மலர ஜெபிப்போம் என்றார்.

அக்கா எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அந்த மாதம் முழுவதும் கேட்டாள். விண்ணப்பம் அனுப்ப அப்பாவைக் கேட்டாள், தபால் வந்ததா என்று என்னைக் கேட்டாள். பதினோரு மணி வெயிலில் தபால்காரருக்காகத் தெருவில் நின்றாள். என் முழங்கால், நொண்டிக் கோழியின் கால், எதைக் கண்டாலும் கட்டுப் போட்டாள். ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. இடம் உண்டு. வருகிறேன் என்றோ இல்லை என்றோ அடுத்த செவ்வாய்க்கிழமைத் தபாலில் எழுதிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அக்கா அந்தத் தாளை முகர்ந்து பார்த்து, ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்றாள். நானும் முகர்ந்தேன். எனக்குத் தபால்காரர் பை வாசனைதான் அடித்தது.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் கர்த்தரிடம் கேட்போம் என்றார் அப்பா. அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவளும் எங்களைப் போல நம்பியவள்தானே. கிணற்றடியில் என்னைத் தனியாகப் பிடித்து, என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். நல்லா ஜெபம் பண்ணிட்டு எடு என்றாள்.

சாயங்காலம் ஜெபம் முடிந்து டின் வந்தது. கையை விட்டேன். அட்டைகள் அன்றைக்குக் குறைவாக இருந்தமாதிரி பட்டது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. குறுகுறுப்பு வந்தது. எடுத்து வாசித்தேன். இருக்கிற இடத்திலேயே தரித்திரு, காலம் வரும்வரை பொறுத்திரு என்கிற பொருளில் ஒரு வசனம். அம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் யாரும் கேட்காத ஒன்றை அக்கா கேட்டாள்.

"இன்னொரு தடவ எடுக்கலாமாப்பா?"

அப்பா கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டு, எடு என்று எனக்குத் தலையசைத்தார். எடுத்தேன். அமைதியாக இரு, அலையாதே என்று வந்தது. நீயே ஒரு தடவை எடுத்துப் பாரம்மா என்று டின்னை அக்காவிடமே நீட்டினார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். காத்திரு என்று வந்தது. மூன்று அட்டையும் பாயில் கிடந்தன. அக்கா அவற்றைப் பொறுக்கி டின்னில் போட்டாள். சரிப்பா என்றாள். எழுந்துபோய் அம்மாவுக்குக் கஷாயம் வைத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்காவுக்காக அழுகை வந்தாலும், மூன்று தடவையும் ஒரே பேச்சாகச் சொல்லுகிற தேவனை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா, பெருமைதான் அதிகம்.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு கோயிலுக்கு அப்பா போடுகிற கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி வைப்பது என் வேலை. நம் பக்கத்தில் தேவாலயத்தையும் கோயில் என்றுதானே சொல்வோம். கோட்டை உதறியபோது உள்பையில் என்னவோ கனத்தது. எடுத்தால், சணலால் கட்டிய அட்டைக் கட்டு. மேலே இருந்தது படகுப் படம், பாயின் மஞ்சள் கடலில் வழிந்திருக்கும், எனக்கு ரொம்பப் பிடித்த அட்டை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்துவைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். புறப்பட்டுப் போ. பயப்படாதே, நான் கூட வருகிறேன். உன்னைத் தூரமாக அனுப்புகிறேன். உன் கையின் வேலையை வாய்க்கச் செய்வேன். எல்லாம் இந்தமாதிரிதான். ஓடிப்போய் டின்னைத் திறந்தேன். இரு, பொறு, காத்திரு, அடங்கு. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையைப் பாவாடையில் துடைத்தேன். திரும்பத் திரும்பத் துடைத்தேன். அப்பா என்னை ஏமாற்றிவிட்டார். என் கையைக் கொண்டே அக்காவை ஏமாற்றிவிட்டார். கர்த்தர் பிடித்திருந்ததாக நான் நினைத்த கை அது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை வலித்தமாதிரி எதுவும் வலிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லாரும் வாசலில், பிரசங்கம் செய்த உபதேசியாரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அப்பாவைக் கோயிலுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். கோட்டில் அட்டை இருப்பதைப் பார்த்துவிட்டேன் என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குந்தி உட்கார்ந்து, தன் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"உங்கம்மாவுக்கு மூச்சு எந்நேரம் நிக்கும்னு தெரியாது. அக்கா போயிட்டா அவ பொளைக்க மாட்டா. கர்த்தர் எனக்கு மொதல்லயே சொல்லிட்டாரும்மா. உங்களுக்கு வெளங்கணும்னுதான் அட்ட."

அது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அக்காட்ட சொல்லிராத தாயி. சொன்னா அவ விசுவாசம் செத்துப்போகும். அந்தப் பாவம் ஒன் மேலதான் வரும்."

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். தகப்பனும் மகளும் எம்புட்டுப் பிரியமாப் போறாக என்று வழியில் யாரோ சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா பதில் எழுதினாள். தேவசித்தம் இல்லாதபடியால் வர இயலவில்லை. அவ்வளவுதான் கடிதம். உறையை ஒட்டி என்னிடம் கொடுத்துப் போட்டுவிட்டு வரச் சொன்னாள், அவளால் போக முடியவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தபால்பெட்டி. வெயிலில் அதன் வாய் சுட்டது. சிவகாசி பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் உறையோடு நின்றுகொண்டிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் அக்காவிடம் சொல்லிவிடலாம். அதற்குள் தபால் எடுத்துவிட மாட்டார்கள், புதுக் கடிதம் எழுத நேரம் இருக்கிறது. இதெல்லாம் பத்து வயதிலேயே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அக்காவின் விசுவாசம் செத்துப்போய், அந்தப் பாவம் வந்து என் மேல் உட்காருவதும் தெரிந்தது. உறையைப் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அட்டைகள் டின்னுக்குத் திரும்பிவிட்டன. ஆடு வாங்கலாமா என்று கேட்ட ஒரு சாயங்காலம், படகு அட்டை என் கையில் வந்தது. பயப்படாமல் புறப்பட்டுப் போ என்று ஆட்டுக்காக வாசித்தேன். பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு விரலில் குறுகுறுப்பு வரவில்லை. பெரிய மனுஷி ஆனதும், இனி என் கை ஆகாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மழைக்காலத்தில் அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து இரண்டு வெள்ளைச் சேலைகளை எடுத்துத் தலையணை உறைக்குக் கிழித்துக்கொண்டிருந்தாள். புதுச் சேலைகள். அக்கா ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போக அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கிவைத்தவை. அக்கா போக வேண்டும் என்று முழங்கால் தேயத் தேய ஜெபித்தாளாம். அவுக கேக்கலை என்றாள். அவுக என்றது ஆண்டவரை. அதன்பிறகு குடும்ப ஜெபத்தில் அம்மா வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதில்லை. யாருடைய மூச்சைக் காட்டி அப்பா அந்தக் காரியத்தைச் செய்தாரோ, அவளுக்கே அது வேண்டியிருக்கவில்லை. அந்த மூச்சு எண்பது வயது தாண்டியும் நிற்கவில்லை. அப்பாதான் முதலில் போனார்.

அப்பா கெட்டவர் இல்லை. இப்போது என் பிள்ளைகளிடம் நானே எத்தனை இல்லைகளைச் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறேன் என்று பார்க்கிறபோது, அவர் பயம் எனக்குப் புரிகிறது. நீ போகாதேம்மா, எங்களால் முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் அக்கா இருந்திருப்பாள். அழுதிருப்பாள், அப்பாவின் மேல் கோபப்பட்டிருப்பாள், ஆனாலும் இருந்திருப்பாள். அந்தக் கோபத்தைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. அதைத் தூக்கி ஆண்டவர் மேல் போட்டுவிட்டார். புரிகிறது என்பதற்காக ஆறிவிடுமா? அவர் அடக்கத்தன்று, கர்த்தரிடம் கேட்காமல் ஒரு காரியமும் செய்யாத மனுஷன் என்று பாதிரி ஐயர் பேசினபோது எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்காவை விஸ்வநத்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்புகிற வேலையில் இருந்தார். நல்ல மனிதர். பிள்ளைகள் பிறந்தார்கள். அக்கா பிறகு யாருக்கும் கட்டுப் போட்டதில்லை. சொந்தப் பிள்ளை முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தாலும் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாள். கோயிலில் கதவோரம் கடைசியில் உட்காருவாள். தனக்காக ஜெபிக்கச் சொல்லி யாரிடமும் கேட்கமாட்டாள். அசன விருந்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் போகிறபோது நானும் அவள் பக்கத்தில் உட்காருவேன். அவளுக்கு எவ்வளவு தாழ்மை என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் இப்போது உயிரோடு இல்லை, பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். இனி எந்த விசுவாசம் சாகப்போகிறது என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோட்டுப் பை, சணல், அப்பா பேசியது, தபால்பெட்டி, எல்லாம். அக்கா அப்பாவைத் திட்டுவாள், இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம், அதோடு இது தீர்ந்துபோகும் என்பது என் கணக்கு.

அக்கா உருவுவதை நிறுத்தவில்லை. அப்பா பயந்த மனுஷன், அது தெரிந்ததுதானே என்றாள். கையிலிருந்த இணுக்கை உருவி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நர்ஸ் ஆகாமப் போனது போகட்டும்டி. மூணு தடவயும் அப்பிடியே வந்துச்சுல்லா. என்னயக் கர்த்தருக்கு ஆகலைன்னு நெனச்சிட்டேன். இம்புட்டு வருசமும் அப்பிடி நெனச்சிக்கிட்டுத்தான் கோயில்ல போய் உக்காந்திருக்கேன். ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. எம் பக்கத்துலயே உக்காந்திருந்திருக்க."

சின்னப் பிள்ளையாக இருந்தேன், பயமாக இருந்தது என்று என்னவோ சொன்னேன். அவளைத் தொடப் போனேன். அக்கா முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா, அக்கா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் வரவில்லை.